பெருந்தொற்றுக் காலத்தில் முதியவர்களுக்குப் பல் சிகிச்சை: கிளினிக்கைத் தயார் செய்வது எப்படி

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது. அடுத்த சில நாட்களிலேயே பல நாடுகளில் பல் கிளினிக்குகள் அவசர சிகிச்சைக்கு மட்டும் கதவைத் திறந்தன. ஆகஸ்ட் 3 அன்று அதே நிறுவனம், தொற்று சமூகத்துக்குள் பரவும் இடங்களில் அவசரமில்லாத பல் சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்று இடைக்கால வழிகாட்டலும் தந்தது. அதில் தவறு காண முடியாது. பல்லைக் குடையும் ஏர்ரோட்டர் நிமிடத்துக்கு 3 முதல் 4 லட்சம் முறை சுழல்கிறது. தண்ணீரையும் எச்சிலையும் ரத்தத்தையும் சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக அறை முழுக்க வீசுகிறது. அந்த வாய்க்கு ஒன்றரை அடி தூரத்தில்தான் பல் மருத்துவரின் முகம் இருக்கிறது.

சிக்கல் 'அவசரமில்லாத' என்ற சொல்லில்தான். உடைந்த பல்லின் கூர்முனை 30 வயதுக்காரருக்கு ஒரு தொந்தரவு. 80 வயதுக்காரருக்கு அதுவே நாக்கில் புண்ணாகி, சாப்பாடு பாதியாகி, ஒரே மாதத்தில் உடம்பு தளர்ந்துபோகக் காரணமாகிவிடும். கீழ்ப் பல்செட் இரண்டாக உடைந்தால் அவருக்கு மாற்று வழி கிடையாது. ஆகவே முதியவர்களை வரவேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்துவதைத் தயார்நிலை என்று சொல்ல முடியாது. யார் காத்திருக்க முடியாதவர் என்று தெரிந்திருக்க வேண்டும். வந்தவரைக் குறைந்த நேரத்தில், நீர்த்தூவல் இல்லாமல் முடித்து அனுப்பத் தெரிய வேண்டும். அதற்கான வேலைகள்தான் கீழே.

அலை எழும் முன்

தொற்று ஏறத் தொடங்கிய பிறகு பதிவேட்டைப் புரட்ட நேரம் கிடைக்காது. அமைதியான நாட்களிலேயே 65 வயதைத் தாண்டியவர்களின் பெயர்களைத் தனியாக எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் இவற்றைக் குறியுங்கள்: சாப்பிடும் மாத்திரைகள் (மருந்துச் சீட்டின் போட்டோவே போதும்), ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறாரா, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறாரா, பல்செட் உண்டா, காது கேட்கிறதா, படி ஏறுவாரா, கூட வருபவரின் போன் எண். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலான கிளினிக்குகளில் விட்டுப்போகிறது. மறதி நோய் உள்ளவரின் சொந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, ஊரடங்கு நாளில் யாரிடம் என்ன கேட்க முடியும்?

இந்தப் பட்டியலில் சிலரை அலை வருமுன் கூப்பிட்டே ஆக வேண்டும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்று வாய் உலர்ந்தவர்கள், எலும்புத் தேய்மான மருந்து தொடங்கப் போகிறவர்கள், ஆடும் பல்லோ கழன்ற கேப்போ உள்ள மறதி நோயாளிகள் முதலில் வரட்டும். ஆடும் பல் தூக்கத்தில் கழன்று மூச்சுக்குழலுக்குள் போனால் அது பல் பிரச்சினையாக நிற்காது. கூர்முனையைத் தேய்த்துவிடுவது, காப்பாற்ற முடியாத வேர்களை எடுப்பது, பழைய பல்செட்டைச் சரிசெய்து மாற்று செட்டாகக் கொடுப்பது எல்லாம் இப்போது அரை மணி நேர வேலை. மூன்று மாதம் கழித்து அதே வேலைக்குப் பாதுகாப்பு உடை, காற்று, காத்திருப்பு என்று அரை நாள் போய்விடும்.

பல்செட்டில் பெயர் எழுதுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் அனுமதியாகும் முதியவரின் பல்செட் படுக்கை விரிப்போடு சுருட்டப்பட்டுக் காணாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. பெருந்தொற்றில் தேட ஆள் இருக்காது. கன்னப் பக்கம், பின்கோடியில் ஒரு விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்பு அக்ரிலிக்கை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். பென்சிலால் பெயரை எழுதி, நிறமற்ற அக்ரிலிக் பூச்சை இரண்டு முறை மெல்லிசாகப் பூசி உலர விடுங்கள். பேனா மை பூச்சில் கரைந்து பரவிவிடும். பென்சில் எழுத்து நிற்கும்.

போனில் பிரிப்பது

'வலி இருக்கிறதா?' என்று கேட்டால் பல முதியவர்கள் 'அப்படியொன்றும் இல்லை' என்பார்கள். தொல்லை கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் ஒரு காரணம். வயதாக ஆகப் பல்லின் நரம்பு அறை சுருங்கி, சொத்தை ஆழமாகப் போயும் கூச்சமோ குத்தலோ தெரியாமலிருப்பது இன்னொன்று. அதனால் வலியைக் கேட்காமல் பழக்கத்தைக் கேளுங்கள்:

- ஐயா, முன்பு சாப்பிட்டு இப்போது விட்டுவிட்டது ஏதாவது உண்டா?
- எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள்? அந்தப் பக்கம் மட்டும் ஏன்?
- இரவில் வாயால் விழிப்பு வந்ததா?
- பல்செட்டை முழு நேரமும் போடுகிறீர்களா, கழற்றியே வைத்திருக்கிறீர்களா?
- வாயில் எந்தப் புண்ணாவது மூன்று வாரமாக ஆறாமல் இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் தொற்று எவ்வளவு ஏறியிருந்தாலும் நேரில் பார்த்துவிட வேண்டும். ஆறாத புண் வாய்ப் புற்றுநோயாக இருக்கலாம். சில மாதத் தாமதத்தில் சிகிச்சையின் அளவே மாறிவிடும். தாடைக்குக் கீழே வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, வாய் திறக்க முடியாமல் குரல் மாறினாலோ கிளினிக்குக்கே வரச் சொல்லாதீர்கள். மூச்சுப்பாதை அடைபடும் அபாயம் அது; நேரே மருத்துவமனைக்குப் போகட்டும். அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தமும், முகத்தில் விழுந்த அடியும் அப்படியே.

வீடியோ அழைப்பில் வாய் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: வெளிச்சம் முகத்தின் மேலே விழுகிறது, பல்செட் உள்ளேயே இருக்கிறது. முதலில் பல்செட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்து, வீட்டில் ஒருவர் இன்னொரு போனின் டார்ச்சை வாய்க்கு நேரே பிடிக்க, தேக்கரண்டியின் பின்புறத்தால் கன்னத்தை விலக்கச் சொல்லுங்கள். நேரலையில் பார்ப்பதைவிட ஐந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் தெளிவு கூடும்: முன்பக்கம், இரு கன்னப் பக்கங்கள், மேல் அண்ணம், நாக்கின் அடி. காது கேட்காதவருக்கு இதெல்லாம் வேலைக்காகாது. மகனிடமோ மகளிடமோ எழுத்தில் கேளுங்கள்.

போன் ஆலோசனையில் ஒரு பொறியும் இருக்கிறது. நேரில் பார்க்க முடியாததால் கை ஆன்டிபயாட்டிக் எழுதப் போய்விடும். 2020இல் இங்கிலாந்தில் பல் மருத்துவர்கள் எழுதிய ஆன்டிபயாட்டிக் கூடியது. பல் நரம்பு வீங்கிய வலிக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. முதியவருக்கு வயிற்றுப்போக்கும் மருந்து மோதலும்தான் மிஞ்சும். வீக்கம் பரவுகிறது, காய்ச்சல் இருக்கிறது என்றால் மட்டும் எழுதி, மூன்றாம் நாள் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

வாசலில் காய்ச்சல் பார்த்தால் போதாது

நெற்றியில் வெப்பமானி காட்டி 'நார்மல்' என்று உள்ளே விடுவது முதியவர்கள் விஷயத்தில் ஏமாற்றிவிடும். அவர்களுடைய சாதாரண உடல் வெப்பமே குறைவாக இருக்கலாம். தொற்று வந்தும் 38 டிகிரி செல்சியஸைத் தொடாமல் போகலாம். தளர்ந்த முதியவர்களுக்கு வாயில் வைத்துப் பார்க்கும் வெப்பம் 37.8ஐத் தாண்டினாலோ, அவருடைய வழக்கமான அளவைவிட 1.1 டிகிரி கூடினாலோ காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இருமல், சளி இல்லாமல் திடீர்க் குழப்பம், காரணமில்லாமல் கீழே விழுதல், சாப்பிட மறுத்தல், எப்போதும் தூக்கம் என்று தொற்று வேறு வேடத்தில் வரும். 'இரண்டு நாளாக அப்பா ஒரு மாதிரி இருக்கிறார்' என்று கூட வருபவர் சொன்னால் அதை அறிகுறியாகவே பதியுங்கள்.

விரலில் ஆக்சிஜன் அளவும் பாருங்கள். 94%க்குக் கீழே இருந்தால், மூச்சு வாங்கவில்லை என்றாலும், அன்று பல்லைத் தொடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி தவறாகக் காட்டும். உள்ளங்கைகளை ஒரு நிமிடம் உரசச் சொல்லிவிட்டு மறுபடி வையுங்கள். கருமையான தோலில் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டியும் காட்டக்கூடும் என்பதால் 94, 95 என்ற எல்லைக்கோட்டு எண்ணை நம்பி நிம்மதியடைய வேண்டாம்.

அறையின் காற்று: கணக்குப் போட்டுப் பாருங்கள்

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையில் இருப்பதையே குளிரவைத்துச் சுற்றி விடுகிறது. ஜன்னலை மூடி ஏசி போட்டால் முந்தைய நோயாளி விட்ட காற்றைத்தான் அடுத்தவர் சுவாசிக்கிறார்.

3.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 31.5 கன மீட்டர். மணிக்கு 200 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால், 200ஐ 31.5ஆல் வகுக்க, மணிக்குச் சுமார் 6 முறை காற்று மாறுகிறது. 6 முறை மாறும் அறையில் மிதக்கும் துளிகளில் 99% வெளியேற 46 நிமிடம் ஆகும்; 99.9%க்கு 69 நிமிடம். 12 முறை மாறினால் இவை 23, 35 நிமிடங்களாகப் பாதியாகிவிடும். மணிக்கு 200 கன மீட்டர் சுத்தக் காற்று தரும் ஹெப்பா (நுண்துகள்களைப் பிடிக்கும்) வடிகட்டி ஒன்றை வைத்தாலே 6லிருந்து 12க்குப் போய்விடலாம். ஆக ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே எத்தனை நிமிடம் என்பது உங்கள் அறையின் எண். பக்கத்துக் கிளினிக்கின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

இந்த நிமிடங்கள் எல்லாம் காற்று அறை முழுக்கச் சீராகக் கலக்கிறது என்ற கணக்கில் வந்தவை. ஹெப்பாவை அலமாரிக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தால் கணக்கு பொய்த்துவிடும். நோயாளியின் தலைப்பக்கம், அரை மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குள், மருத்துவரின் முகத்தைத் தாண்டிக் காற்றை இழுக்காத கோணத்தில் வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இழுக்கிறதா என்று பார்க்க ஒரு கீற்று டிஷ்யூ தாள் போதும். கம்பிவலை மேல் வைத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் இறக்கைகளில் தூசி படிந்திருக்கிறது. அதே கீற்றைச் சிகிச்சை அறைக் கதவிடுக்கில் பிடியுங்கள். அறைக்குள் சாய்ந்தால் சரி. காத்திருப்போர் பக்கம் சாய்ந்தால், உங்கள் அறைக் காற்று அங்கே உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் மேல் போகிறது.

முதியவர்களுக்கு நாளின் முதல் நேரத்தைக் கொடுப்பது காற்றுக் கணக்கில் சரி. ஆனால் மூட்டு பிடித்துக்கொண்டு எழவே நேரமாகிறவர், காலையில் நீர்மாத்திரை போட்டு அடிக்கடி கழிவறைக்குப் போகிறவர், சாப்பிட்ட பிறகே சர்க்கரை மாத்திரை போட வேண்டியவர் எட்டு மணிக்கு வந்தால் அரைமயக்கத்தில் இருப்பார். வாரத்தில் இரண்டு நாள் கிளினிக்கையே பத்து மணிக்குத் திறந்து, முதல் இரண்டு நேரத்தை அவர்களுக்கு என்று ஒதுக்குவதுதான் நல்லது. 'நோயாளி மட்டும் உள்ளே' என்ற விதியையும் இவர்களுக்குத் தளர்த்துங்கள். ஒரே வீட்டில் இருக்கும் ஒருவர், முகக்கவசத்தோடு, கூட வரட்டும். ஒப்புதல், மருந்து விவரம், கீழே விழாமல் பிடிப்பது எல்லாம் அவரை நம்பித்தான் இருக்கிறது.

தண்ணீர் தெளிக்காமல் சிகிச்சை

ஏர்ரோட்டர், பற்காரையை அதிர்வால் நீக்கும் அல்ட்ராசோனிக் ஸ்கேலர், காற்றும் தண்ணீரும் பீய்ச்சும் மூவழி சிரிஞ்ச் மூன்றையும் எவ்வளவு தவிர்க்கிறீர்களோ அவ்வளவு நல்லது. விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கு இதில் இரட்டை லாபம். தொற்றும் குறையும், தண்ணீர் நுரையீரலுக்குப் போகும் அபாயமும் குறையும்.

வேர்ப்பகுதிச் சொத்தையைத் தடுத்து நிறுத்த 38% சில்வர் டயமின் ஃபுளூரைடு என்ற திரவம் இருக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதுவும் குழியை அடைக்கும் கிளாஸ் ஐயனோமரும் இடம்பெற்றன. செய்முறை ஐந்து நிமிடம்தான். உதட்டிலும் ஈறு ஓரத்திலும் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். சொத்தையில் ஒட்டிய உணவைத் துணிப்பஞ்சால் துடைத்து, பஞ்சுருளை வைத்து, காற்று ஊதாமல் சிறு பஞ்சு உருண்டையால் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு விடுங்கள். உலோகக் கிண்ணமோ கண்ணாடியோ வேண்டாம். ஒரு சொட்டு சுமார் ஐந்து பற்களுக்கு வரும். நுண்தூரிகையின் நுனியை நனைத்து, கிண்ணத்தின் ஓரத்தில் வழித்து, ஒரு நிமிடம் சொத்தையில் பிடியுங்கள். மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். வாய் கொப்பளிக்க வேண்டாம்.

சொத்தை கறுத்துப்போகும், அதுவே நிலைக்கும். இதை முன்கூட்டியே, முடிந்தால் போட்டோ காட்டி, நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தோலில் பட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் போகும். துணியில் பட்டால் போகாது. வெள்ளி ஒவ்வாமை, ஈறில் பெரிய புண், நரம்பு வரை போன பல் என்றால் போடக் கூடாது. ஆறு மாதம் கழித்து மறுபடி தடவினால்தான் பலன் நிலைக்கும். ஒருமுறை தடவிவிட்டு மறந்துபோவதே இதில் நடக்கும் பெரிய தவறு.

குழி பெரிதென்றால் கைக்கருவியால் சுரண்டி கிளாஸ் ஐயனோமர் அடையுங்கள். ஸ்பூன் எக்ஸ்கவேட்டரால் முதலில் குழியின் ஓரச் சுவர்களைச் சுத்தம் செய்து, அடித்தளத்தைக் கடைசியில், மெதுவாகத் தொடுங்கள். ஓரம் சுத்தமானால்தான் அடைப்பு பிடிக்கும். அடியில் லேசான மென்மை இருந்தால் விட்டுவிடலாம், முழுக்கத் தோண்டினால் நரம்பு வெளிப்படும். பல்லின் பரப்பைத் தயார் செய்யும் கண்டிஷனரை 10 முதல் 15 வினாடி தடவி, ஈரப் பஞ்சால் மூன்று முறை துடைத்து, உலர் பஞ்சால் ஒற்றுங்கள். கலவை பளபளப்பாக இருக்கும்போதே குழிக்குள் போக வேண்டும். பளபளப்பு மங்கிவிட்டால் அது பல்லோடு ஒட்டாது, தயங்காமல் எறிந்துவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஜெல்லி தடவிய விரலால் அரை நிமிடம் அழுத்தி, வழிந்ததை எடுத்து, ஒரு மணி நேரம் மெல்ல வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

ஏர்ரோட்டர் இல்லாமல் முடியாது என்ற வேலைக்கு, பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் டேமும், 8 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வாயகலமுள்ள அதிவேக சக்‌ஷனும் கட்டாயம். உதட்டோரம் தொங்கும் சிறிய எச்சில் குழாய் துளிகளைப் பிடிக்காது. மூக்கடைப்போ மூச்சிரைப்போ உள்ள முதியவருக்கு ரப்பர் டேம் மூச்சுமுட்டும். மூக்கு வெளியே இருக்கும்படி மடித்து, 'மூச்சு முட்டினால் இடது கையைத் தூக்குங்கள் அம்மா' என்று தொடங்கும் முன்பே பழக்கிவிடுங்கள்.

சிகிச்சைக்கு முன் வாய் கொப்பளிப்பது எச்சிலில் உள்ள கிருமியைச் சற்று நேரம் குறைக்கலாம். சக்‌ஷனுக்கு மாற்றாக அதை நினைக்க வேண்டாம். 3% ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்தால் 1% ஆகும். அதில் 10 மி.லி., அரை நிமிடம். போவிடோன் அயோடினைத் தைராய்டு நோயாளிக்கும் அயோடின் ஒவ்வாமை உள்ளவருக்கும் கொடுக்காதீர்கள். பக்கவாதம் வந்தவர், மறதி முற்றியவர் கொப்பளிப்பதை விழுங்கிவிடுவார். அவர்களுக்குத் துணிப்பஞ்சை நனைத்துப் பிழிந்து வாயைத் துடைத்துவிடுங்கள்.

நாற்காலியை முழுக்கச் சாய்க்காமல் 45 டிகிரியில் நிறுத்துங்கள். முடிந்ததும் ஒரேயடியாக எழுப்பாதீர்கள். பாதி நிமிர்த்தி ஒரு நிமிடம், முழுக்க நிமிர்த்திக் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம், பிறகு நிற்கட்டும். முகக்கவசத்தோடு வெகுநேரம் தண்ணீர் குடிக்காமல் காத்திருந்த ரத்த அழுத்த நோயாளி நின்றதும் தலைசுற்றி விழுவது எளிதில் நடக்கும்.

மருந்துகள்

ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைப் போனிலேயே 'நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று சொல்லவே கூடாது. பல் எடுத்த ரத்தத்தை அழுத்தி நிறுத்தலாம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியை அப்படிச் செய்ய முடியாது. வார்ஃபரின் எடுப்பவரின் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) 4க்குக் கீழே இருந்தால் சாதாரணப் பல் எடுக்கலாம். ஆனால் அது 24 மணி நேரத்துக்குள், வழக்கமாக நிலையாக இருப்பவருக்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த அளவாக இருக்க வேண்டும். பெருந்தொற்றில் ரத்தப் பரிசோதனைக்கே போகாமல் மூன்று மாதப் பழைய சீட்டை நீட்டுவார்கள். அதை ஏற்காதீர்கள். ரிவரோக்சபன் போன்ற புதிய வகை மாத்திரைகளுக்கு ஒன்றிரண்டு பல் எடுப்பதற்கு நிறுத்த வேண்டியதில்லை. அதிக ரத்தக்கசிவு வரக்கூடிய வேலை என்றால் காலை மாத்திரையைத் தவிர்ப்பதா, தள்ளுவதா என்று எழுதிய மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். பல் எடுத்த குழியில் ரத்தத்தை நிறுத்த உதவும் ஆக்சிடைஸ்டு செல்லுலோஸ் வைத்து, தானே கரையும் நூலால் தையல் போடுங்கள். தையல் பிரிக்க இன்னொரு முறை வர வேண்டாமே!

மரப்பு ஊசியில் இதய நோயாளிக்கு அட்ரினலின் 40 மைக்ரோகிராமுக்குள் நிற்க வேண்டும். 1:80,000 கலவையில் 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜில் 22.5 மைக்ரோகிராம் இருக்கிறது, ஆக இரண்டாவதை முழுக்கப் போட முடியாது. 1:1,00,000 என்றால் 18 மைக்ரோகிராம், இரண்டு போடலாம்.

வலிக்கு ஐபுப்ரோஃபென் வகை வேண்டாம், குறிப்பாக ரத்த அழுத்தத்துக்கு ஏ.சி.இ. தடுப்பானும் நீர்மாத்திரையும் சேர்த்து எடுப்பவருக்கு. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும். பாராசிட்டமால் போதும். எடை 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டாதீர்கள். வார்ஃபரின் எடுப்பவருக்குப் பல்செட்டின் அடியில் பூஞ்சை பிடித்தால் மைக்கோனசோல் ஜெல் எழுதிவிடாதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்தான அளவுக்கு ஏறும், நிஸ்டாட்டின் பாதுகாப்பு. மெட்ரோனிடசோலும் ஐ.என்.ஆரை ஏற்றும்.

கோவிட் வந்து தேறியவரிடம் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ரிட்டோனாவிர் சேர்ந்த ஐந்து நாள் மாத்திரை பல மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ரிவரோக்சபனும் மிடசோலமும் அதில் அடக்கம். ஸ்டீராய்டு எடுத்த சர்க்கரை நோயாளிக்கு மேல்தாடைப் பற்கள் பல ஒரே சமயத்தில் ஆடினாலோ, அண்ணம் கறுத்தாலோ, கன்னம் மரத்தாலோ பல்லை எடுக்கக் கை வைக்காதீர்கள். 2021இல் இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை நோய் பலருக்கு இப்படித்தான் வாயில் முதலில் தெரிந்தது. அதே நாளில் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நிலை அது.

முகக்கவசமும் காதும்

என்95 போட்டதும் உங்கள் குரல் மங்குகிறது, உதடும் மறைகிறது. காது மந்தமானவர் இதுவரை உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டிருந்தார். கத்தினால் கீச்சுக் குரல்தான் கூடும். வயதான காதுக்கு எட்டாத குரல் அது. தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். ஒரு வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் 'மரப்பு ஊசி போடுகிறேன்', 'வலித்தால் கை தூக்குங்கள்' என்று எழுதி வையுங்கள். எல்லா விளக்கமும் ஸ்கேலர் சத்தம் தொடங்கும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

முகக்கவசக் கயிறும் காதுக்கருவியும் ஒரே காதின் பின்னால் மாட்டியிருக்கும். கவசத்தைச் சட்டென்று இழுத்தால் கருவி சேர்ந்து வந்து தரையில் விழும். நடைபாதையில் விழுந்தால் யார் கண்ணிலும் படாது. ஒரு கையால் காதுக்கருவியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றை எடுக்க உதவியாளருக்குக் கற்றுக்கொடுங்கள். பெயர் ஒட்டிய மூடிபோட்ட டப்பா ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மறதி நோய் உள்ளவருக்கு முழு உடையில் நிற்கும் உருவம் அச்சம் தரும். உங்கள் முகப் போட்டோவைக் கையளவுக்கு அச்சிட்டு மார்பில் ஒட்டுங்கள். முதல் பேச்சைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று முகம் தெரியப் பேசிவிட்டு, பிறகு உடை மாட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

உடையும் தரையும்

போடும்போது அங்கி, என்95, கண்ணாடி அல்லது முகத்தடுப்பு, கையுறை. கழற்றும்போது கையுறை, முகத்தடுப்பு, அங்கி, எல்லாவற்றுக்கும் கடைசியில் அறைக்கு வெளியே என்95; நடுநடுவே கை சுத்தம். தொற்று ஒட்டுவது பெரும்பாலும் கழற்றும்போதுதான், களைப்பில். தாடி இருந்தால் என்95 ஒட்டாது. தரைக்கும் மேசைக்கும் 5% ஹைப்போகுளோரைட் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர், அது 0.1%, ரத்தம் சிந்திய இடத்துக்கு ஒன்றுக்கு ஒன்பது, 10 நிமிடம். அன்றன்று கலக்குங்கள், அமிலத்தோடு சேர்க்காதீர்கள்.

மூடியிருந்த கிளினிக்கைத் திறக்கும்போது

இரண்டு வாரம் மூடிக் கிடந்த பல் நாற்காலியின் மெல்லிய தண்ணீர்க் குழாய்களில் கிருமிப் படலம் தடிக்கும். 2011இல் இத்தாலியில் 82 வயதுப் பெண் ஒருவர் லீஜியோனெல்லா நிமோனியாவால் இறந்தார்; கிருமி வந்தது பல் கிளினிக்கின் தண்ணீர்க் குழாயிலிருந்துதான் என்று பரிசோதனைகள் காட்டின. திறக்கும் முன் உற்பத்தியாளர் சொன்ன மருந்தால் குழாய்களைச் சுத்தம் செய்து, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், ஒரு மி.லி.க்கு 500 கிருமித் திரள்களுக்குக் கீழே இருக்க வேண்டும். அதன்பின் தினமும் காலையில் இரண்டு நிமிடமும், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20 முதல் 30 வினாடியும் ஓடவிடுங்கள். ஓடவிடும்போதும் துளி பறக்கும். முகக்கவசத்தோடு, சக்‌ஷன் வாயை அருகில் பிடித்துக்கொண்டே செய்யுங்கள்.

வீட்டிலிருப்பவருக்கு

வர முடியாதவரின் வாயைக் காப்பது கூட இருப்பவரின் கையில் இருக்கிறது. அவருக்குச் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை. வாயிலுள்ள கிருமி நுரையீரலுக்கு இறங்குவதால்தான் இதில் இத்தனை அக்கறை. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு நடந்து 1999இல் வெளியான ஆய்வில், உணவுக்குப் பின் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்தது. ஜப்பானிலேயே 85 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா அபாயம் சுமார் இரு மடங்காக இருந்தது. ஆகவே முதல் பாடம்: இரவில் பல்செட் வெளியே.

துலக்கிவிடுபவர் எதிரே நிற்காமல் பக்கவாட்டிலோ பின்னாலோ நின்று, முகக்கவசமும் முகத்தடுப்பும் போட்டுக்கொள்ளட்டும். முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். நுரை குறைந்த பற்பசை பட்டாணியளவு. வேர்ச் சொத்தை அதிகமென்றால் 5,000 பிபிஎம் ஃபுளூரைடு பசை எழுதிக்கொடுங்கள். கொப்பளிக்காமல் துணிப்பஞ்சால் துடைத்தால் போதும், ஃபுளூரைடும் தங்கும். பல்செட்டைத் தண்ணீர் நிறைந்த கிண்ணத்துக்கு மேலே பிடித்துச் சோப்பால் தேய்க்கட்டும். கை நழுவினாலும் உடையாது. வெந்நீர் வேண்டாம், வளையும். உலோகம் உள்ள செட்டை ஹைப்போகுளோரைட்டில் போடக் கூடாது. அக்ரிலிக்கையும் 10 நிமிடத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது. ஊறவைக்கும் மாத்திரையை மறதி நோயாளி மிட்டாய் என்று வாயில் போட்டுவிடுவார், பூட்டி வையுங்கள்.

சிகிச்சை முடிந்து போனவரை மறுநாள் காலை நீங்களே கூப்பிடுங்கள். ரத்தம் நின்றதா, என்ன சாப்பிட்டார், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைச் சொன்ன நேரத்தில் போட்டாரா, இரவில் குழப்பம் இருந்ததா என்று கேளுங்கள். அவருக்குக் காது கேட்காதென்றால் கூட வந்தவரின் எண்ணுக்கு. பட்டியலில் அது இருக்கிறது. பத்து நாட்களுக்குள் கிளினிக்கில் யாருக்காவது தொற்று உறுதியானால், அந்த நாட்களில் வந்துபோன முதியவர்களின் வீடுகளுக்கு முதல் அழைப்பு போகட்டும்.